எஞ்சின் சொல்லும் சேதி

(புதுச்சேரி அருகே ஒரு கற்போர் மையத்தில், மையத் தொண்டர் பேசிய பேச்சு)



போன வாரம் நம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. வேன் ஓட்டும் அண்ணன் கேட்டார். “எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியும். கியர் போடத் தெரியும். எழுத்து எதுக்கும்மா?” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை எங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் கேட்டார். அவரும் வேன் ஓட்டுபவர்தான். அவர் கதையை இன்று சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் பெட்ரோல் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நான் மெக்கானிக் இல்லை. பத்தாவது வரை படித்தவள். அப்பா வண்டியைப் பிரிக்கும்போது டார்ச் லைட் பிடித்து நின்றவள். அப்படி நின்று தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் ஏறிய வண்டி

எந்த எஞ்சினைப் பற்றிப் பேசலாம்? நமக்கு மிகவும் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயரே ஓர் எண்தான். 796.

முன்பு நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு கார்கள்தான் ஓடின. ஒன்று அம்பாசிடர். இன்னொன்று பத்மினி. 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வந்தது. முதல் காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அந்தக் காரில் இருந்தது 796 சி.சி. எஞ்சின். அடுத்த ஆண்டு மாருதி வேன் வந்தது. அதுதான் பிறகு ஆம்னி ஆனது. அதிலும் 796 சி.சி. எஞ்சின்தான். பிறகு வந்த ஆல்டோவிலும் அதே அளவு எஞ்சின் இருந்தது.

மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றது. ஆம்னி 2019இல் நின்றது. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. காய்கறி ஏற்றுகின்றன. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வண்டிதான் சோறு போடுகிறது.

796 என்றால் என்ன?

சி.சி. என்பது ஓர் அளவு. கன சென்டிமீட்டர் என்று பொருள். ஒரு சி.சி. என்பது ஒரு மில்லி லிட்டர். எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் நகரும் இடம் முழுவதையும் அளந்தால் 796 மில்லி வரும். ஒரு லிட்டர் பாலில் ஐந்தில் நான்கு பங்கு. அவ்வளவுதான்.

அந்த இடம் மூன்று சிலிண்டர்களாகப் பிரிந்திருக்கிறது. சிலிண்டர் என்பது உருண்டையான ஒரு குழாய். அதன் அகலம் 68.5 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு தடவை 72 மில்லிமீட்டர் தூரம் நகரும். ஒரு சிலிண்டரின் அளவு சுமார் 265 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவு. மூன்று டம்ளர் சேர்ந்ததுதான் நம் எஞ்சின்.

இந்த மூன்று டம்ளர் எப்படி ஒரு வேனையே இழுக்கிறது? நான்கு வேலை நடக்கிறது.

முதல் வேலை, உறிஞ்சுதல். பிஸ்டன் கீழே இறங்கும். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும்.

இரண்டாவது வேலை, அமுக்குதல். பிஸ்டன் மேலே ஏறும். உள்ளே வந்த கலவையைச் சுமார் 9இல் ஒரு பங்காக அமுக்கும்.

மூன்றாவது வேலை, எரிதல். பிளக் ஒரு தீப்பொறி தரும். கலவை எரியும். அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். வண்டியை இழுப்பது இந்தத் தள்ளுதல்தான்.

நான்காவது வேலை, வெளியேற்றுதல். பிஸ்டன் மறுபடி மேலே ஏறும். எரிந்த புகை சைலன்சர் வழியாக வெளியே போகும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு வினாடிக்கு 50 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீப்பொறி. ஒரு சிலிண்டரில் வினாடிக்கு 25 தீப்பொறி. மூன்று சிலிண்டரிலும் சேர்த்து 75. நாம் ஒரு முறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் எத்தனை முறை எரிந்திருக்கும், பாருங்கள்!

இவ்வளவு எரிந்தால் சூடு எவ்வளவு வரும்? பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வண்டியை ஓட்டுகிறது. மற்றதெல்லாம் சூடாகிப் போகிறது. பாதிச் சூடு புகையோடு போகும். மீதிச் சூட்டைத் தண்ணீர்தான் எடுத்துப் போக வேண்டும். அதற்குத்தான் ரேடியேட்டர். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா கதைக்கு இதுதான் வேண்டும்.

பையில் இருந்த சீட்டு

2016ஆம் ஆண்டு. சித்திரை மாதம். நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். அப்பாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கடன் வாங்கி வாங்கியது. பள்ளி நாளில் பிள்ளைகளை ஏற்றுவார். விடுமுறையில் கல்யாணச் சவாரி போவார்.

அன்று திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். புதுச்சேரியிலிருந்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். நல்ல வெயில். கிளியனூர் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியது. அப்பா பார்த்தார். ஆனால் முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டினார்.

சிறிது நேரத்தில் ஆவி வந்தது. வண்டி திணறி நின்றது. அப்பா பதற்றத்தில் துண்டைச் சுற்றி மூடியைத் திறந்தார். கொதிக்கும் தண்ணீர் பீறிட்டு அடித்தது. வலது கை வெந்துபோனது. யாரோ பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு குடம் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொதிக்கும் எஞ்சினில் அப்படியே ஊற்றினார்கள். உதவி என்றுதான் செய்தார்கள்.

எஞ்சினின் மேல் பகுதிக்கு ஹெட் என்று பெயர். அது அலுமினியம். கீழ்ப் பகுதி இரும்பு. சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசலும் விடும். எங்கள் வண்டியில் ஹெட் வளைந்தது. நடுவில் இருக்கும் காஸ்கட் பொத்துக்கொண்டது.

மறுநாள் அப்பாவின் சட்டைப் பையைத் துவைக்கப் போட எடுத்தேன். உள்ளே ஒரு சீட்டு இருந்தது. இரண்டு வாரம் முன்பு ஆயில் மாற்றிய பட்டறையின் பில். அடியில் மெக்கானிக் கையால் எழுதியிருந்தார்: “ரேடியேட்டர் கீழ் ஹோஸ் வெடிப்பு. உடனே மாற்றவும்.”

தமிழில்தான் எழுதியிருந்தார். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்.

“ஏம்ப்பா, என்கிட்ட காட்டியிருக்கலாமே” என்று கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். “பெத்த பொண்ணுகிட்ட தினமும் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்க வெக்கமா இருந்துதும்மா.”

ஹோஸ் என்பது ஒரு ரப்பர் குழாய். எஞ்சினில் உள்ள சாமான்களில் விலை குறைந்ததில் அதுவும் ஒன்று. அதை மாற்றாததால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் சீவ வேண்டி வந்தது. காஸ்கட் புதிதாகப் போட வேண்டி வந்தது. வண்டி ஒன்றரை மாதம் நின்றது. கையும் ஆற வேண்டுமே. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அந்த ஜூனில் நான் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை.

குற்றம் எஞ்சின் மேல் இல்லை. எஞ்சின் முன்கூட்டியே சொன்னது. ஹோஸ் கசிந்து சொன்னது. முள் ஏறிச் சொன்னது. மெக்கானிக் எழுதியும் சொன்னார். நாங்கள்தான் படிக்கவில்லை.

எஞ்சின் என்னென்ன சொல்லும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் சொல்லும் சேதி

வண்டி ஓட்டும் இடத்தில் ஒரு வெப்பக் கடிகாரம் உண்டு. அதில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். ஒன்று பிறை நிலா போல இருக்கும். அது ‘சி’. குளிர்ச்சி என்று பொருள். இன்னொன்று இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு குறுக்குக் கட்டை வைத்தது போல இருக்கும். அது ‘எச்’. சூடு என்று பொருள். முள் நடுவில் நின்றால் நல்லது. எச் பக்கம் ஏறினால் ஓரம் கட்டுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். கல்யாணம் காத்திருக்கட்டும்.

மூடியைத் திறக்காதீர்கள். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கும். அதனால் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பாயும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். மேல் ஹோஸைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கனமான துணி போட்டு மெல்லத் திறங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகிறதா? ரோட்டில் ஓடினால் சரியாகிறதா? அப்படியானால் மின்விசிறியைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னோ பின்னோ ஒரு ஃபேன் இருக்கும். அதன் மோட்டாரோ சுவிட்சோ பழுதாகியிருக்கலாம். ஓடும்போதும் சூடாகிறதா? அப்படியானால் தண்ணீர் குறைவு, அடைப்பு, தெர்மோஸ்டாட் பழுது, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும். கையையும் முந்தானையையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

அக்காமாரே, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீரால் வருவது. போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டருக்குள்ளும் அப்படித்தான் படியும். மெல்லிய குழாய்கள் அடைபடும். அதனால் கூலன்ட் ஊற்றுவது நல்லது. வழியில் வேறு கதி இல்லை என்றால் நல்ல தண்ணீர் ஊற்றலாம். பிறகு மாற்றிவிட வேண்டும்.

வெளியே கசிவே இல்லை, ஆனால் தண்ணீர் மட்டும் குறைகிறது. இப்படி நடந்தால் கவனம். ஹெட் காஸ்கட் போயிருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆயில் சொல்லும் சேதி

தண்ணீர் சூட்டை எடுக்கிறது. ஆயில் தேய்மானத்தைத் தடுக்கிறது. வினாடிக்கு 50 சுற்று சுற்றும் இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது ஆயில்தான்.

சாவியைத் திருப்பியதும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதில் ஒரு படம் இருக்கும். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் குப்பி போல இருக்கும். எஞ்சின் கிளம்பியதும் அது அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் உடனே நிறுத்துங்கள். பக்கத்துப் பட்டறை வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

விளக்கு எரியும் வரை காத்திருக்கவும் கூடாது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது சமதரையில் நிறுத்துங்கள். ஆம்னி வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கச் சோம்பல்பட்டுப் பலர் ஆயில் பார்ப்பதே இல்லை. குச்சியை எடுங்கள். துடையுங்கள். மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். கீழ்க் குறிக்குக் குறைந்தால் ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்டியும் ஊற்றக் கூடாது.

ஆயில் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். அழுக்கை வாங்கிக்கொண்டதால் கறுக்கிறது. ஆனால் காலத்தில் மாற்ற வேண்டும். பழைய வண்டிகளுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். ஆயில் ஃபில்டரையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள்.

தீப்பொறியும் பெட்ரோலும்

மூன்று சிலிண்டருக்கு மூன்று பிளக். ஒன்று வேலை செய்யாவிட்டால் வண்டி குலுங்கும். இழுக்காது. பெட்ரோல் வீணாகும். ‘மிஸ்ஸிங்’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். மூன்று பேர் தூக்கும் மூட்டையை இரண்டு பேர் தூக்குவது போல.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனை நிறம் சேதி சொல்லும். இளம் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது.

காலையில் வண்டி கிளம்பவில்லையா? முதலில் பேட்டரி முனையைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. மழை நாளில் பிளக் வயரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அதற்குள் தூசி அடைத்திருக்கலாம்.

இப்போது பங்கில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் என்பது ஒரு வகைச் சாராயம். அது ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் கெடுக்கலாம். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயை அடிக்கடி பாருங்கள். வெடிப்போ பெட்ரோல் வாடையோ இருந்தால் உடனே மாற்றுங்கள். அது தீ சம்பந்தப்பட்ட காரியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலர் வீட்டுச் சமையல் சிலிண்டரை வேனில் பொருத்தி ஓட்டினார்கள். அது சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. பிள்ளைகள் ஏறும் வண்டியில் அதைச் செய்யவே கூடாது.

புகையின் நிறம்

புகையையும் படிக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. பனிக்காலக் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்தால் பரவாயில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், தண்ணீர் உள்ளே போய் ஆவியாகிறது.

ஒரு நோட்டு போதும்

இவ்வளவையும் எப்படி ஞாபகம் வைப்பது? வைக்க வேண்டாம். எழுதி வையுங்கள்.

வேன் அண்ணனே, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஐந்து கட்டம் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், தண்ணீர், ஆயில், செய்த வேலை. தினமும் ஒரு வரி எழுதுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

நேற்று தண்ணீர் ஊற்றினீர்கள். இன்றும் ஊற்றுகிறீர்கள். நாளையும் ஊற்றுகிறீர்கள். மூன்று வரியையும் சேர்த்துப் பார்த்தால் கசிவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எழுதாவிட்டால் மறந்துபோகும். டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். அது உள்ளே மறைந்திருக்கும் ரப்பர் பெல்ட். அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அது வெளியே தெரியாது. எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். எப்போது மாற்றினோம் என்று நம் நோட்டில்தான் இருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் இதைக் கேளுங்கள். “வண்டிக்கு நோட்டு இருக்கா?” என்று கேளுங்கள். பெயின்ட் பளபளப்பு சொல்லாததை அந்த நோட்டு சொல்லும்.

எங்கள் அப்பா அந்த ஆண்டு ஆடி மாதத்தில் என்னிடம் சிலேட்டைக் கேட்டார். கை புண் அப்போதுதான் ஆறியிருந்தது. விரல் மடங்காது. வலிக்க வலிக்க எழுதினார். அவர் முதலில் எழுதிப் பழகியது தன் பெயரை இல்லை. ‘தண்ணீர்’ என்ற சொல்லை. அதன் பிறகு ‘ஆயில்’. பிறகுதான் பெயர்.

அந்த வேன் இன்றும் ஓடுகிறது. ஏழு நோட்டு முடிந்துவிட்டது. எட்டாவது நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. போன மாதம் அப்பா எழுதிய வரியைப் படிக்கிறேன்: “கீள் கோஸ் மெதுவா இருக்கு. புதுசு மாத்திட்டேன்.” இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறது. நான் திருத்தவில்லை.

நாளைக்கு வகுப்பு உள்ளே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில். அப்பா வேனைக் கொண்டுவருகிறார். சீட்டைத் தூக்கிக் காட்டுவார். வண்டி இல்லாதவர்களும் வாருங்கள். வண்டியில் ஏறிப் போகிறவர்கள் நாம் எல்லோரும்தானே. ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். ஆயில் குச்சியை முதலில் எடுத்துப் பார்ப்பது வேன் அண்ணன்தான். பார்த்ததைப் பலகையில் எழுதப் போவதும் அவர்தான்.